பவுடர் வேண்டாம் என்று சொன்னேன்

கால்நடை மருத்துவம் படித்த நான் இப்போது எந்த விலங்கையும் தொடுவதில்லை. செம்பாக்கத்தில் என் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து, ஒரு செயலி வழியாக வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறேன். கொல்லையில் நாலு ஆடு, பத்துக் கோழி வளர்ப்பவர்கள் வீடியோ அனுப்புவார்கள். என்ன நோய் என்று பார்த்து, தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைத் தடுப்பதுதான் என் முக்கிய வேலை. எதற்கெடுத்தாலும் கொடுத்தால் கிருமிகளுக்கு அது பழகிவிடும். உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மருந்து கேட்காது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பெருங்களத்தூரில் ஒரு பாய் இருந்தார். கண் மங்கியதால் வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு நாட்டுக்கோழி வளர்த்தார். அவர் மனைவி வீடியோ எடுக்க, அவர் பேசுவார்.

“டாக்டரம்மா, ரெண்டு கோழி கழுத்தைத் திருப்பிகினு நிக்குது. பச்சையா கழியுது. கடைல ஒரு பவுடர் தர்றாங்க. தண்ணில கலந்து வுடவா?”

பார்த்ததுமே தெரிந்தது, வெள்ளைக்கழிச்சல். பெயரில்தான் வெள்ளை, பச்சையாகவும் கழியும்.

“வேண்டாம் பாய். இது வைரஸ். அந்தப் பவுடர் ஆன்டிபயாடிக், இதுக்குக் கேக்காது. நோய் வந்ததைத் தனியாப் பிரிச்சு வைங்க.”

“பொழைச்சுக்குமா?”

“வந்ததுக்கு மருந்து இல்ல பாய். மத்ததைக் காப்பாத்தப் பாக்கலாம்.”

நான் சொன்னதை அவர் ஒன்று விடாமல் செய்தார். கூண்டைக் கழுவினார். செத்ததைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். ஆனால் நோய் அதற்கு முன்பே பரவிவிட்டது. ஒவ்வொரு வீடியோவிலும் கோழிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி வீடியோவில் காலிக் கூண்டு மட்டும் இருந்தது.

அடுத்த தெருக்காரர் தன் கோழிகளுக்கு அந்தப் பவுடரைக் கலந்து வைத்திருந்தார். அவருடையது ஒன்றுகூடச் சாகவில்லை. விசாரித்தேன். அவை பண்ணையிலிருந்து வாங்கியவை. குஞ்சிலேயே தடுப்பு மருந்து போடப்பட்டவை. பிழைத்தது அதனால்தான். பாயை அழைத்துச் சொன்னேன்.

“இருக்கலாம்மா. ஆனா அவன் பவுடர் போட்டான், பொழைச்சுது. நான் போடல, பூடுச்சு. நான் பாத்தது அதான்.” பிறகு, “உங்க மேல கோவம்லாம் இல்ல” என்றார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்புகள் குறைந்தன. ஒரு பெண் மட்டும், “பாய் வூட்டுக் கோழிக்குச் சொன்ன டாக்டரா நீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து பாய் மறுபடி குஞ்சுகள் வாங்கியதாகச் செய்தி அனுப்பினார். நேரில் போவது என் வேலையில் இல்லை. ஆனாலும் தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கொல்லையில் குஞ்சுகள் பவுடர் கலந்த மஞ்சள் நிறத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.

“எதுக்கு பாய் இது? நோயே இல்லையே?”

“வர்றதுக்கு முன்னாடியே குடுத்தா நல்லதாம். கடைல சொன்னாங்க.”

நின்றபடியே எல்லாவற்றையும் திரும்ப விளக்கினேன். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். பிறகு பாய் மெதுவாகச் சொன்னார்: “உங்க சொட்டு மருந்தும் போடுங்கம்மா. வேணாங்கல. ஆனா பவுடரை நிறுத்தச் சொல்லாதீங்க. இன்னொரு தபா அந்தக் குழியை என்னால தோண்ட முடியாது.”

முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் மனைவி ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கொடுத்தார். நான் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். கீழே விட்டதும் அது நேராக அந்தப் பவுடர் தண்ணீருக்கு ஓடியது. இவை பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். பிழைத்தால் தெருவே பவுடரைத்தான் சொல்லும் என்பதும் தெரியும். அடுத்த குஞ்சுக்குக் கையை நீட்டினேன்.