உத்தமன் வீட்டு டிராகன்

“இன்னா அண்ணாத்தே, டீ ஆச்சா?” என்று கேட்கிறார் உத்தமன். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்குவதில்லை. “ஆச்சா? சரி சரி, ஆவட்டும்” என்று பதிலையும் தானே சொல்லிவிட்டு உத்தமன் சைக்கிளை மிதிக்கிறார். அடுத்தது தண்ணீர்க் குழாய். “இன்னாக்கா, இன்னிக்கும் சொட்டுதானா? சொட்டுதான், சொட்டுதான். இன்னா பண்றது?” குழாயடியில் நிற்கும் பெண் குடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மண்ணூர்பேட்டையில் அவர் குடியிருக்கும் தெரு அப்படியொன்றும் நீளமில்லை. ஆனால் தன் வீட்டு வாசலை அடைவதற்குள் ஐந்தாறு பேரை நலம் விசாரித்து, அந்த ஐந்தாறு பேர் சார்பிலும் தானே நலமாக இருந்துவிடுகிறார்.

நாற்பதைத் தாண்டிய மனிதர். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு உதிரிபாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ஒரு எண்ணெய் வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். சட்டைப்பையில் எப்போதும் சீப்பு. தெருமுனையில் ஒரு காலை ஊன்றி நின்று தலையை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவரைப்போலத்தான் தெருவுக்குள் வருவார். வழியில் கிடக்கும் எதையும் விட்டுவைக்கமாட்டார். கம்பித் துண்டு, டப்பா மூடி, அட்டைப்பெட்டி எல்லாம் கேரியரில் ஏறும். “இன்னாத்துக்குய்யா இந்தக் குப்பை?” என்று மனைவி பூங்காவனம் கேட்டால், “வெச்சிருந்தா ஆவும்மே” என்பார். எதற்கு ஆகும் என்பது அவருக்கும் தெரியாது.

தெருவில் பாதிக் குடும்பங்கள் அதே கம்பெனிச் சோறு தின்றவை. தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கோடையில் அங்கே ஸ்ட்ரைக் நடந்தது. கேட்டுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உத்தமனும் உட்கார்ந்திருந்தார். கோஷம் போடுவதில் அவர் தொண்டைதான் பெரிது என்று பெயர்கூட வாங்கியிருந்தார். ஒருநாள் காலையில், ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்த கம்பெனி வேன் ஒன்று, முன்னால் போலீஸ் ஜீப் போக, கொட்டகையைக் கடந்து உள்ளே போனது. அதில் முதல் ஆளாக உத்தமன் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் வேனில் இன்னும் சிலர். கொஞ்ச நாளில் கொட்டகை காலியாகிவிட்டது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களைக் கம்பெனி திரும்பச் சேர்த்துக்கொண்டது. முன்னால் நின்று பேசிய சிலரைச் சேர்க்கவில்லை. அந்தச் சிலரில் ஒருவர் பக்கத்து வீட்டு வீரராகவன்.

வீரராகவனும் உத்தமனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னால் உட்கார, ஒரே சைக்கிளில் பல வருஷம் போய்வந்தவர்கள். ஒருவரையொருவர் ‘மாமே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது வீரராகவன் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். உத்தமன் வெளியே வந்தால் அவர் உள்ளே போய்விடுவார். அவர் மட்டுமென்ன, தெருவே அப்படித்தான். உத்தமன் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் ‘கருங்காலி’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். உத்தமன் சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் எழுத்து மறுபடி லேசாகத் தெரிந்தது. இன்னொரு பூச்சு அடித்தார்.

கேட்பவர் யாராக இருந்தாலும், வேனில் ஏறியதற்கு உத்தமனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். முடிதிருத்துபவரிடமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் கேட்காமலே சொல்வார். “பாப்பாவுக்கு மஞ்சக்காமால சார். கண்ணெல்லாம் மஞ்சளாப் பூட்ச்சி. கொழந்த படுத்துக்கீது, கொட்டாயில போய் கோஷம் போட முடியுமா? பெத்தவன் இன்னா பண்ணுவான், சொல்லுங்க.” அறியாதவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த உச்சுக்கொட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவார்.

அந்தப் பாப்பாவின் பெயர் ஜெகதாம்பாள். உத்தமனின் அம்மா பெயர். கூப்பிடுவது ஜெகதா. ஸ்ட்ரைக்குக்குப் பிறகு தெருப் பிள்ளைகள் அவளை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. வீரராகவனின் மகள் வசந்தாவும் அவளும் ஒரே பாயில் படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள். வசந்தாவும் இப்போது பேசுவதில்லை. ஜெகதா வாசற்படியில் உட்கார்ந்து, வலக்கைக்கும் இடக்கைக்கும் போட்டி வைத்து அஞ்சாங்கல் ஆடுவாள். இடக்கை தோற்றால் அதற்கு ஒரு அடி கொடுப்பாள். உத்தமன் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பூங்காவனம் கவனித்திருக்கிறாள்.

மாசி மாதத்தில் ஜெகதாவுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று உத்தமன் கேட்டபோது, “டிராகன் பொறந்தநாளு” என்றாள். அவள் வகுப்பில் ஒரு பெண்ணிடம் சிங்கப்பூர் பென்சில் டப்பா இருந்தது. மூடியில் டிராகன் படம்.

“அது இன்னா, சாமி வாகனமா?”

“இல்ல நைனா. பாம்பு மாரி இருக்கும், காலு இருக்கும், மீசகூட இருக்கும். வாய்லருந்து நெருப்பு வுடும்.”

“எல்லாத்தையும் கொளுத்திடுமா?”

“நல்லவங்கள ஒண்ணும் பண்ணாது.”

உத்தமன் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். பிறகு, “செஞ்சிட்லாம்” என்றார்.

அன்றிலிருந்து வீடு டிராகன் பட்டறை ஆயிற்று. இத்தனை வருஷமாகக் கேரியரில் ஏறி வந்த குப்பைக்கெல்லாம் வேலை வந்தது. மூங்கிலைப் பிளந்து வளையம் கட்டினார். பூங்காவனத்தின் பச்சை நைலக்ஸ் புடவைகள் உடம்பாயின. டிவிப் பெட்டி அட்டை தலையாயிற்று. தெர்மோகோலில் பல், டேபிள் டென்னிஸ் பந்தில் கண், தேங்காய்நாரில் மீசை. செதிலுக்கு ஜிகினாத்தாளை நறுக்கிக் கொடுத்தது பூங்காவனம்தான். நறுக்கிக்கொண்டே முணுமுணுப்பாள். “கொழந்த ஒண்டி. இம்மாம் நீளத்துக்கு எதுக்குய்யா?”

“உள்ள பசங்க பூந்து ஆடணும்ல? ஒரு பத்து பதினஞ்சு பசங்களாச்சும்.”

“எந்த ஊட்டுப் பசங்க?”

அவர் மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். நெருப்புக்குத்தான் வழி தெரியவில்லை. கடைசியில் டிராகனின் வாய்க்குள் தகர டப்பா ஒன்றைப் பொருத்தி, தணலில் சாம்பிராணி போட்டுப் பார்த்தார். மூக்கு வழியாகப் புகை வந்தது. வெள்ளிக்கிழமை வீடுபோல மணத்தது. ஜெகதா கைதட்டிக் குதித்தாள். பூங்காவனமும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என்று முடிவாயிற்று. உத்தமன் தலையை வாரிக்கொண்டு வீடுவீடாகப் போய் அழைத்தார். “பாப்பா பொறந்தநாளு. பசங்கள அனுப்பி வையுங்க. அனுப்புவீங்க. சரி சரி, வரேன்.” சில வீடுகளில் கதவின் மேல்பாதி மட்டும் திறந்திருந்தது. சில வீடுகளில் டிவியின் சத்தம் கூடியது. வீரராகவன் வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. குழாயடியில் வசந்தாவைப் பார்த்து, “கண்ணு, நீ வரணும்” என்றார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “எங்கப்பா ஒதைப்பாரு” என்று மெதுவாகச் சொன்னாள். இத்தனை மாதத்தில் அவர் கேள்விக்கு அந்தத் தெருவில் கிடைத்த முதல் பதில் அது.

ஞாயிறன்று பூங்காவனம் பச்சைக் கேசரி கிளறி, பெரிய தாம்பாளத்தில் டிராகனாகவே வளைத்து வைத்தாள். முதுகு நெடுக முந்திரி. நாக்குக்குச் செர்ரி. ஜெகதா புது கவுன் போட்டு வாசலில் நின்றாள். நான்கு மணிக்கு வெயில் இருக்கிறது, தாழ்ந்ததும் வருவார்கள் என்றார் உத்தமன். வெயில் தாழ்ந்தது. பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வாசலுக்கு நேராக வரும்போது மட்டும் ஓட்டம் எதிர்ப்பக்கமாக ஒதுங்கியது.

“யாரும் வரமாட்டாங்க நைனா,” என்றாள் ஜெகதா. அழவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

உத்தமன் எழுந்து தணலை டப்பாவில் போட்டார். “அவங்க வரலன்னா இன்னா? டிராகன் போவும்.” தலையை மாட்டிக்கொண்டார். வாலை ஜெகதாவின் கையில் கொடுத்தார். நடுவில் துணி தரையில் இழுபட, இருவரும் தெருவில் இறங்கினார்கள்.

முதலில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே வந்தான். பிறகு இன்னொருவன். புகை வந்தபோது ஒரு கூச்சல் எழுந்தது. அந்தச் சின்னப் பையன் சட்டென்று குனிந்து புடவைக்குள் நுழைந்துகொண்டான். பின்னாலிருந்தவனும் நுழைந்தான். குழாயடியைத் தாண்டும்போது உத்தமன் திரும்பிப் பார்த்தார். தரையில் இழுபட்ட துணி நிமிர்ந்திருந்தது. அடியில் கால்கள், ஏராளமான கால்கள், செருப்புப் போட்டதும் வெறுங்காலுமாக. யார் வீட்டுக் கால் என்று யாராலும் சொல்ல முடியாது. டிராகன் வளைந்தது, நெளிந்தது, டீக்கடை பெஞ்சைச் சுற்றிவந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் காலை மடக்கிக்கொண்டார். நிலைப்படியில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி தாங்காமல், “த பார்றி, மீசைய!” என்று சத்தமாகவே சிரித்துவிட்டாள். அட்டைத் தலைக்குள் உத்தமனுக்கு வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஒழுகின. யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைக்கவில்லை.

அப்போது வீரராகவனின் ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது.

அவர் இன்ஜினை அணைத்தார். கொஞ்சநேரம் உட்கார்ந்தபடியே பார்த்தார். பிறகு இறங்கி வந்து, டிராகனின் நடுவில் ஒரு கொலுசுக் காலுக்கு எதிரே நின்று துணியைத் தூக்கினார்.

“வசந்தா. வெளிய வா.”

அவள் வந்தாள். முகமெல்லாம் ஜிகினா ஒட்டியிருந்தது. அடுத்த நொடி அங்கங்கே பெயர்கள் கேட்டன. சிரித்துக்கொண்டிருந்த பெண்களே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு காலாக வெளியே போனது. துணி மறுபடி தரையைத் தொட்டது.

உத்தமன் தலையைக் கழற்றினார். “மாமே, பசங்க மாமே. அதுங்களுக்கு இன்னா தெரியும்?”

“தெரியணும்னுதான் கூப்டறேன்.” வீரராகவன் குரலை உயர்த்தவேயில்லை. “அன்னிக்கி வேன் உள்ள போவசொல்லோ கம்பி வழியா உன்னப் பாத்தேன். நீயும் என்னப் பாத்த. உடனே தலையக் குனிஞ்சிக்கின. கூப்ட்டுக்கூடப் பாத்தேன். அந்தத் தலைக்கா இப்ப இத மாட்டிக்கினு ஆடற?”

தெருவில் அத்தனை பேர் உத்தமனையே பார்த்து, அவர் பேசட்டும் என்று நின்றது அன்றுதான்.

“பாப்பாவுக்கு மஞ்சக்காமால மாமே. கண்ணெல்லாம் மஞ்சளாப் பூட்ச்சி. பெத்தவன் நானு...”

“நைனா,” என்றாள் ஜெகதா. வாலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மறந்துவிட்டதை எடுத்துக்கொடுக்கும் ஆசை அவள் குரலில் இருந்தது. “எனக்கு மஞ்சக்காமால மழைல வந்துச்சு நைனா. தெருவெல்லாம் தண்ணி, நீ என்னத் தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனியே. வேன்ல போனது வெயில் காலத்துல. அன்னிக்கி சாய்ங்காலம்கூட நுங்கு வாங்கியாந்தியே, மேஸ்திரி ஆக்கறேன்னு சொல்லிக்கீறாங்கன்னு அம்மாகிட்ட சொன்னியே.”

வீரராகவன் சிறுமியைப் பார்த்தார். அவள் தலையில் கை வைக்கப்போய், கையைப் பாதியில் எடுத்துக்கொண்டு, வசந்தாவை ஆட்டோவில் ஏற்றி, இருபதடி தள்ளியிருந்த தன் வீட்டுக்கு ஓட்டிப்போனார். கதவுகள் மூடின. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் உத்தமன் பதில் சொல்லியிருப்பார்.

மேஸ்திரி வேலை அவருக்கு வரவில்லை. கம்பெனி அதை வெளியூர் ஆள் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டது.

வீட்டுக்குள் வந்து டிராகனைச் சுவரோரம் சுருட்டிவைத்தார்கள். டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் புகை வந்துகொண்டிருந்தது. பூங்காவனம் தாம்பாளத்தைக் கூடத்தில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கத்தியை மகள் கையில் கொடுத்தாள். ஜெகதா ஊதி அணைத்தாள். வால்பக்கம் ஒரு துண்டு நறுக்கி அம்மாவின் வாயில் வைத்தாள். அடுத்த துண்டை, முந்திரி இருக்கிற இடமாகப் பார்த்து எடுத்து, “ஆ காட்டு நைனா” என்று அப்பாவிடம் நீட்டினாள்.

உத்தமன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் குவித்து நீட்டி, குனிந்து, அதை வாங்கிக்கொண்டார்.