வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆள்

சவேரியோவைச் சிறையில் வைக்கக் கூடாது என்று நீதிபதியே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த உத்தரவின் நகலைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஐந்து மாதமாக எர்சிலியா சிறைக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

துறைமுக ஊரான குரோத்தோனேயில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. தம்பி சவேரியோவுக்கு வயது நாற்பத்திரண்டு. இருபது வயதிலிருந்தே அவன் காதுக்குள் குரல்கள் கேட்கும். மாதம் ஓர் ஊசி போட்டால் அடங்கியிருப்பான். துறைமுகத்தில் வலை உலர்த்துகிறவர்களோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பான். ஊசி போடும் டாக்டர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. மூன்று ஊசி தவறியது. மருந்துக்கடை வாசலில் மினுங்கும் பச்சை விளக்கு தன்னைத் திட்டுகிறது என்று ஒருநாள் கல்லை விட்டெறிந்தான். தெறித்த கண்ணாடி கடைக்காரரின் காதைக் கிழித்துவிட்டது.

இவர் குற்றவாளி இல்லை, நோயாளி; காவலுள்ள சிகிச்சை இல்லத்துக்கு அனுப்புங்கள் என்றது நீதிமன்றம். இல்லத்தில் மொத்தம் இருபது கட்டில். வரிசையில் சவேரியோ நாற்பத்து மூன்றாவது ஆள். இடம் கிடைக்கிறவரை சிறைதான்.

வியாழன்தோறும் போவாள். வாரத்துக்கு வாரம் அவன் சட்டை தொளதொளத்துக்கொண்டே வந்தது.

"சாப்பிடுறியாடா?"

"சாப்பாட்டுல என்னமோ கலக்குறாங்கக்கா. நீ ஒரு கடி கடிச்சுக் காட்டு, அப்புறம் திங்கிறேன்."

பார்வையாளர் கூடத்தில் வாங்கிய பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மீதியை நீட்டுவாள்.

ஒரு வியாழன் அவன் வரவில்லை.

"இன்னைக்கு அவரு வரலைம்மா" என்றார் காவலர்.

"வரலையா, வர முடியலையா?"

"நான் கதவு தொறக்கிறவன். எங்கிட்ட கேட்டா?"

வக்கீல் லொரெதானாவிடம் ஓடினாள். லொரெதானா சிறைக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, அவளை உட்காரவைத்தாள்.

"பதறாதீங்கம்மா. படுக்கை விரிப்பைக் கிழிச்சுக் கழுத்துல கட்டியிருக்காரு. கூட இருந்தவரு பார்த்துக் கத்தினதால பிழைச்சாரு. இப்ப தனி அறையில வச்சிருக்காங்க."

"தனியாவா? அந்தக் குரல்களோட அவனைத் தனியாவா போட்டிருக்காங்க?"

அன்றே ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு அவசர மனு போனது. பதில் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எர்சிலியா சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்; பிள்ளைகள் முகம் சுளித்தன. தினமும் சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"இப்ப நாற்பத்தொண்ணு. முன்னேறியிருக்காரே, சந்தோஷப்படுங்க" என்றாள் அங்கிருந்தவள்.

"என் தம்பி என்ன, ரொட்டிக்கடை வரிசையிலயா நிக்கிறான்?"

ஒன்பதாம் நாள், அவனை உடனே சிறையிலிருந்து மாற்றச் சொல்லி ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து உத்தரவு வந்தது. அதன் பிறகும் நான்கு நாள் இழுத்தடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் கழித்து, மலைமேல் இருக்கும் சிகிச்சை இல்லத்தில் ஒரு கட்டில் காலியானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி அங்கே போகிறாள். சில வாரம் அவன் பேசுவான், சில வாரம் சுவரைப் பார்த்தபடி இருப்பான். போன் அடித்தால் இன்னமும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறாள்.

ஒருமுறை அவனே கேட்டான்: "என்னை எதுக்குக்கா அங்க வச்சிருந்தாங்க?"

"வேற இடம் இல்லைன்னாங்கடா."

அவன் ஜன்னல் வழியே மலையடிவாரத்தைப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய நாட்டுலயா?"