எங்கள் படகைப் பற்றிச் சட்டசபையில் ஒரு கேள்வி

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது, 1948. வருஷத்தில் சந்தேகம் இல்லை. மாதத்தில்தான் எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை வழக்கு. ஆனித் திருமஞ்சனத்துக்குப் பிறகு என்பான் அவன். அதற்கு முன்பே என்பது என் கட்சி. திருமஞ்சனம் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தபோது, மாமாவின் மேசைமேல் படகுக்காக ஊரார் கைரேகை வைத்த மனு இருந்ததை நானே பார்த்தேன். தம்பிக்கு அப்போது மூன்று வயது. ஆகவே வழக்கு என் பக்கம் தீர்ந்ததாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். சாயங்காலங்களில் எங்கள் பக்கத்துச் சட்டசபை மெம்பருக்கு எழுத்து வேலை செய்து கொடுப்பார். மெம்பர் நல்ல மனிதர், ஊர் ஊராக நடக்கிறவர். ஆனால் கேள்விகளை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதுதான் அன்றைய வழக்கம். அது அவருக்கு வராது. அவர் சொல்வார், மாமா எழுதுவார். மந்திரிகளைக் கேள்வி கேட்பதே மாமாதான் என்று எங்கள் வீட்டில் ஓர் எண்ணம் இருந்தது. மாமா அதை மறுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் ஊர் வெள்ளாற்றின் தென்கரையில் இருந்தது. பள்ளிக்கூடம் வடகரையில், பரங்கிப்பேட்டையில். நடுவில் ஒரு படகு. படகு சர்க்காருடையது; துறையைக் குத்தகை எடுத்தவர் ஒருவர்; வெயிலில் நின்று கழி ஊன்றுகிறவர் இன்னொருவர். இந்தக் கடைசி ஆளை நாங்கள் படகு மாமா என்று கூப்பிடுவோம். பள்ளிப் பிள்ளைகள் கூலி தரவேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீர் இறைக்க வேண்டும். பலகை இடுக்குகளில் ஊறி வரும் தண்ணீர், அக்கரை சேர்வதற்குள் கணுக்கால்வரை ஏறிவிடும். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே தகர டப்பாவால் இறைப்பேன். எட்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கினால் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் கரை.

தினமும் எங்களோடு வரும் கருவாட்டுக்கார அக்கா ஒருத்தி உண்டு.

"இது படகா, எருமையா? தண்ணியக் கண்டா படுத்துக்குது" என்பாள்.

"எருமன்னா பாலாவது குடுக்கும். உன் கூடைய எறக்கி வச்சிட்டு ஏறுக்கா, அதுவா மெதக்கும்" என்பார் படகு மாமா.

சிரித்துக்கொண்டேதான் போய்வந்தோம். அதற்கு முந்தின கார்த்திகை மழையில் ஒரு நாள், டப்பா தோற்றுப் படகு முழுகிவிட்டது. கரை நெருங்கும் நேரம் என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகு மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். என் பையும் சிலேட்டும் ஆற்றோடு போயின. அன்று அப்பா கத்தவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"அடுத்த மழைக்குள்ள புதுப் படகு வந்தா போவட்டும். வரலன்னா ஐப்பசியோட நிறுத்திடு."

அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. அதனால் புதுப் படகு என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தின் இன்னொரு பெயர்.

சிதம்பரத்தில் மாமா, அந்த மனுவை வைத்து எழுதிய கேள்வியை எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். '(அ) மேற்படி துறையில் படகில் தண்ணீர் ஏறுவதும், ஏறிச் செல்லும் பிள்ளைகளே அதை இறைப்பதும் உண்மைதானா? (ஆ) உண்மையானால் புதுப் படகு எப்போது கொடுக்கப்படும்?' படித்து முடித்து, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் வரும், அத்தோடு சரி. நட்சத்திரம் இருந்தால் மந்திரி சபையில் எழுந்து வாயால் சொல்லவேண்டும். அதன்மேல் மெம்பர் துணைக்கேள்வி போடலாம். "நட்சத்திரம் போட்டாச்சு. இனி அவுரு எந்திரிச்சிதான் ஆவணும்" என்றார் மாமா. அம்மா அந்தக் காகிதத்தைக் கோயில் பிரசாதத்தைப் போலத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆனால் கோட்டையில் இருக்கும் மந்திரிக்கு எங்கள் படகைப் பற்றி என்ன தெரியும்? கேள்வி கீழே இறங்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து கடலூருக்கு, கலெக்டர் கச்சேரிக்கு. கடலூரிலிருந்து சிதம்பரம் தாலுகா ஆபீசுக்கு. அங்கிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு, அவரிடமிருந்து எங்கள் ஊர்க் கர்ணத்துக்கு. சட்டசபைக் கேள்வி என்றால் எல்லாக் காகிதத்துக்கும் முந்திப் போகுமாம். புறப்பட்டபோது அது மந்திரியைக் கேட்ட கேள்வி. ஒவ்வொரு படி இறங்கும்போதும், மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கேட்கும் கேள்வியாக ஆகிவிட்டது. கர்ணத்துக்கும் கீழே ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

ஆவணியில் ஒரு நாள் காலை, நான் படகில் உட்கார்ந்திருந்தபோது கர்ணம் துறைக்கு வந்தார்.

"உன் படகு மேல மெட்ராஸ்லேந்து கேள்வி வந்துருக்குடா. எக்குத்தப்பா எதுனா பேசி வைக்காத. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல உன் கழியத்தான் புடுங்குவாங்க."

படகு மாமா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்த கேள்விகளெல்லாம் ஒரே ஜாதி. ஏன் எழுதவில்லை, ஏன் நேரம் கழித்து வந்தாய். கேள்வி யார்மேல் வருகிறதோ அவர் கையை நீட்ட வேண்டும். என்னைத் தோளில் தூக்கி வந்தவரின் மேல் மெட்ராஸ் வரைக்கும் கேள்வி எழுந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. மாமா நட்சத்திரம் போட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமாவின் கேள்வி மந்திரிக்கு அல்லவா போயிற்று?

இன்ஸ்பெக்டர் வருவதற்கு மூன்று நாள் முன்பு குத்தகைக்காரர் படகைக் கரையேற்றினார். இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்து, அடியில் தார் பூசினார்கள். மூன்று நாள் பள்ளிக்கூடம் இல்லை. நான்காம் நாள் படகு கறுப்பாகப் பளபளத்தது. நடுப்பலகையில் கோரைப் பாய் விரித்திருந்தது. இளநீர்க் குலை ஒன்றும் ஏறியிருந்தது. ஆபீசரைக் கௌரவமாக அக்கரை சேர்க்க வேண்டும் என்பதில் ஊருக்கே அக்கறை. படகு நன்றாக இருந்தால் புதுப் படகு வராதே என்று யாரும் வாய்திறந்ததாக ஞாபகமில்லை. கருவாட்டுக்கார அக்காவை மட்டும் ஏறக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

"ஆபீசருக்கு வாசன ஆவாதாம். முழுவுறப்ப மட்டும் எல்லாருக்கும் ஒரே வாசனதான்" என்று கரையில் நின்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் காதில் அது விழவில்லை.

பள்ளிப் பிள்ளை ஒன்றாவது இருக்கட்டும் என்று கர்ணம் சுற்றிப் பார்த்தார். என் பாவாடை துவைத்ததாக இருந்தது. என்னை ஏற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஏனோதானோ என்று வந்தவர் அல்ல. பலகை பலகையாகக் குனிந்து தடவிப் பார்த்தார். விரலில் தார்தான் ஒட்டியது. படகு மாமாவிடம் திரும்பி, "தண்ணி ஏறுதா?" என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், "ஒரு சொட்டு ஏறாதுங்க" என்றார் குத்தகைக்காரர். இன்ஸ்பெக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"நீ தெனம் இதுலதான் போறியா பாப்பா?"

"ஆமாங்க."

"பயப்படாம சொல்லு. தண்ணி வருமா?"

கழி ஊன்றுவது நின்றுவிட்டது. படகு தன்போக்கில் நகர்ந்தது. படகு மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை. அதன் பொருள் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"வராதுங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கழி மறுபடி தண்ணீரில் இறங்கியது. எனக்கு ஓர் இளநீர் கிடைத்தது.

சட்டசபை கூடிய செய்தியை மாமாவே எங்கள் ஊருக்கு வந்து சொன்னார். சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தார். மந்திரி எழுந்தாராம். "(அ) இல்லை. (ஆ) எழவில்லை" என்றாராம். அதாவது, முதல் பகுதியே உண்மை இல்லாததால் இரண்டாம் பகுதிக்கு வேலை இல்லை. மெம்பர் விடவில்லை. தினமும் அதில் போகிறவர்கள் யாரையாவது கேட்டீர்களா என்று துணைக்கேள்வி போட்டார். மந்திரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, பள்ளி மாணவி ஒருத்தியும் விசாரிக்கப்பட்டாள், அவளும் தண்ணீர் வருவதில்லை என்றே சொன்னாள் என்றார். யாரோ சிரித்தார்கள். மெம்பர் உட்கார்ந்துவிட்டார்.

(பின்னாளில் சென்னையில் ஒரு நூலகத்தில் அந்த நடவடிக்கைத் தொகுதியைத் தேடிப் பிடித்து இதைச் சரிபார்த்தேன். மாமா ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. சிரிப்பு மட்டும் அச்சில் இல்லை.)

"எந்தப் புள்ள அது, தெரியல" என்றார் மாமா.

"நான்தான்" என்றேன். என் சொல் மந்திரியின் வாயால் வந்திருக்கிறது. எப்படிச் சொல்லாமல் இருப்பது?

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமா என்னைத் திட்டவில்லை. அப்பா பக்கம் திரும்பிச் சொன்னார்:

"மனு எழுதுங்கன்னு மூணு தரம் சிதம்பரத்துக்கு நடந்து வந்தவன் அந்தப் படகுக்காரன்தான் மச்சான். மொத ரேகையே அவனுது. 'நான் வாயத் தொறக்க முடியாதுங்க, புள்ளைங்க சொன்னா எடுபடும்'ன்னு அத்தன நம்பிக்கையா சொன்னான்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. இருந்தும், என் சொல் கடலூர் போய், கோட்டை போய், அங்கே ஒலித்த வழியை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். படகு மாமா சிதம்பரத்துக்கு மூன்று தரம் நடந்ததற்கும் எனக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று எனக்குப் படவில்லை.

தார் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. புரட்டாசியிலேயே டப்பா திரும்பி வந்தது. ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்ததும் அப்பா என்னை நிறுத்திவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். நான் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். சட்டசபை வரைக்கும் போனவள் என்ற நினைப்பு எனக்கு அப்போதும் குறையவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, மழை விட்டிருந்த நேரம், படகு மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் எதிரில் நின்றார்.

"பாப்பாவ அனுப்புங்கண்ணே. நல்லாப் படிக்கிற புள்ள. எறைக்கக்கூட வேணாம், எங்க வீட்டுப் பையன உக்கார வச்சி நானே எறைச்சிக்கிறேன். பாப்பா காலு நனையாம கொண்டு வுடறேன்."

"உன்ன நம்பாம இல்லப்பா. படகத்தான் நம்பல" என்றார் அப்பா. "வர வருசம் பாக்கலாம்."

வருகிற வருஷமும் படகு அதேதான். அதற்கும் அடுத்த வருஷமும் அதேதான். நான் மறுபடி பள்ளிக்கூடம் போனது மாமா வீட்டில் தங்கிச் சிதம்பரத்தில். அதற்குள் மூன்று வருஷம் போயிருந்தது.

அன்று நான் கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதற்காக வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வியிலிருந்து தப்பித்துவிட்ட மனிதர், தப்பவைத்தவளைப் பார்த்து நன்றி சொல்ல வந்திருக்கிறார். அப்பா இருப்பதால் வாய் வரவில்லை.

போகும்போது அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இருக்கட்டும் மாமா, பரவால்ல" என்றேன், பெரிய உபகாரம் செய்தவர்கள் சொல்வதைப் போல.