தாட்சாயணியின் கார்டு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. போன ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை, திருப்பதியில் என் கண்ணெதிரே நடந்தது இது. அன்றைக்கு எங்கள் ஆபீஸ் மாடியில் இருந்தது நானும் என் முதலாளி ஹரிபிரசாத்தும் மட்டும்தான்.

என் பெயர் ரூபா. எங்களுடையது கம்ப்யூட்டர் கேம் செய்யும் சின்னக் கம்பெனி. கேமில் ஒரு ஆள் விழுந்தால் கை எங்கே இடிக்கும், தலை எங்கே மோதும் என்று யாரும் படம் வரைவதில்லை. எடையையும் வேகத்தையும் வைத்து கிராபிக்ஸ் கார்டே அந்த நொடியில் கணக்குப் போட்டு விழ வைக்கும். இந்த வேலையில் தாட்சாயணியை மிஞ்ச ஆளில்லை. நகரி ஊர்ப் பெண். என் பக்கத்து சீட். பிப்ரவரியில் ஆபீஸ் மாடிப்படியில் விழுந்து செத்துப்போனாள். கால் இடறிவிட்டது என்றார் ஹரிபிரசாத். அடுத்த மாதமே அவள் செய்ததையெல்லாம் தன் பெயரில் காட்டிக் கைதட்டல் வாங்கினார்.

அன்று என் கார்டு பழுது. சும்மா கிடந்த தாட்சாயணியின் கம்ப்யூட்டரிலிருந்து கார்டைக் கழற்றி மாட்டினேன்.

மாலை 6.40. வெளியே மழை.

திரையில் ஒரு படிக்கட்டு. உச்சியில் முகமில்லாத சாம்பல் நிறப் பொம்மை. நான் மவுஸால் தள்ளினால்தான் விழும்.

தள்ளவில்லை. விழுந்தது.

தானாக மறுபடி உச்சிக்கு வந்து நின்றது. மறுபடி விழுந்தது...

தள்ளு எங்கே பட்டது என்பதைச் சிவப்புப் புள்ளி காட்டும். பொம்மையின் முதுகில் இரண்டு புள்ளிகள். இரண்டு கை வைத்துத் தள்ளியது போல.

“இன்னா ரூபா இது?”

பின்னால் ஹரிபிரசாத்.

“நான் ஒண்ணும் தொடல சார்.”

“யாரு கார்டு?”

“தாட்சாயணிது.”

அவர் முகம் வெளுத்தது.

“அவகிட்ட அப்பவே சொன்னேன், செஞ்சதெல்லாம் எங்கிட்ட குடுத்துட்டுப் போயிடுன்னு...” சட்டென்று நிறுத்தினார். “ஒயரப் புடுங்கு! புடுங்குன்றேன்ல!”

பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

அவர் மாடிப்படிப் பக்கம் ஓடினார்.

6.52.

தட... தட... தடார்!

அமைதி.

பிறகு காலடி. யாரோ மேலே ஏறி வருகிறார்கள். மெதுவாக... காலை இழுத்து இழுத்து...

தடார்!

மறுபடி காலடி...

நான்கு தடவை விழுந்த சத்தம் கேட்டது. நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

திரை அணைந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். படிக்குக் கீழே கிடந்தார். உயிர் இல்லை.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் சிட்டிபாபு கேமராப் பதிவைக் காட்டினார். படியில் வேறு யாரும் இல்லை. விழுந்த ஹரிபிரசாத்தே ஏறி வருகிறார். உச்சியில் திரும்பி, மாடிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். விழுகிறார். மொத்தம் நான்கு முறை.

“ஏம்மா, அவரு திரும்பத் திரும்ப ஏறி வந்தத நீ காதால கேட்டியா?”

“கேட்டேன் சார்.”

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மொத தபா வுழுந்தப்பவே கழுத்து முறிஞ்சு உயிரு பூட்ச்சாம். டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு.”