மீனுக்குப் பத்தியச் சோறு

பாண்டிமீனா வயசுப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரம் பின்னியவள். மருந்துத் தூசியில் மூச்சிழுப்பு வந்து வேலையை விட்ட பிறகு, கணவர் சங்கிலிமுத்து தங்கள் மானாவாரிக் காட்டில் வெட்டியிருந்த பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்தாள்.

மீன் வளர்ப்பில் அவளுக்கு ஒரே குறை, பேச்சுத் துணை கிடையாது. கம்பெனி ஷெட்டில் என்றால் பக்கத்தில் வேல்விழி இருப்பாள். கை பாட்டுக்குப் பின்னும், வாய் பாட்டுக்குப் பேசும். மாமியார் ஏசியது, இருக்கன்குடிக்கு நடந்தே போய்க் கால் கொப்பளித்தது என்று வேலை முடிந்தும் பேச்சு முடியாது. குட்டைக் கரையில் உட்கார்ந்தால் வேல்விழியின் சிரிப்புச் சத்தம்தான் காதில் கேட்கும்.

போன மார்கழிப் பனியில் மீன்களுக்குச் சிவப்புச் சிவப்பாய்ப் புண் கண்டது. காலையில் போனால் செத்து மிதக்கும். அள்ளிப் புதைத்துவிட்டு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பார்க்க வந்த மீன்வளத்துறை அம்மா, புண் வந்தபின் மருந்து தேடுவதைவிட, குளிருக்கு முன்பே மீனின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிட வேண்டும் என்றார். தண்ணீரை அவ்வப்போது மாற்றிச் சுத்தமாக வைத்து, தீவனத்தில் பூண்டும் மஞ்சளும் அளவாகச் சேர்க்கச் சொன்னார்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அவள் ஆரம்பித்துவிட்டாள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் அரைத்த பூண்டும் மஞ்சள் தூளும் பிசைந்து உருட்ட ஒரு ஆளால் முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு வழக்கம்போலக் கம்பெனி பூட்டிக் கிடந்த நேரம். வேல்விழிக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, மீனுக்குப் பத்தியச் சோறா?" என்று கேட்டபடியே வந்தவள், முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கியது. கம்பெனி திறக்கும்வரை தினமும் வந்தாள்.

மார்கழியில் சங்கிலிமுத்து வலை போட்டுப் பார்த்தார். ஒன்றிரண்டில் புண் இருந்தது. மற்றவையெல்லாம் துள்ளின.

"பூண்டு காப்பாத்துச்சோ, தண்ணி மாத்துனது காப்பாத்துச்சோ, தெரியலை. ரெண்டையும் விட்றாத" என்றார்.

தை பிறந்து முதல் பிடிப்பில் பெரிய ரோகுவாக எடுத்துக் குழம்பு வைத்தாள் பாண்டிமீனா. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, வேல்விழி கம்பெனி வேன் ஏறும் இடத்துக்கே போய்விட்டாள்.

"ஷெட்டுல எல்லாருக்கும் ஊத்து. யார் யாரு என்ன சொன்னாகன்னு சாயங்காலம் வந்து ஒண்ணு விடாம சொல்லணும்."

வேன் கண்ணை விட்டு மறையும்வரை நின்றிருந்துவிட்டு, தீவனம் வைக்கக் குட்டைப் பக்கம் நடந்தாள்.