பூச்சிப் படிப்புக்கு என்ன வேலை?

ஏற்காட்டில் நான் உயிரியல் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில், பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஒருமுறை மேற்படிப்பு வழிகாட்டிக் கண்காட்சி வைத்தோம். எல்லோரும் போன பிறகும் ஓர் அம்மா மட்டும் ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தார். செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பி பறிப்பவர். ஒல்லியான உடம்பு, கறையேறிய விரல்கள். சுவரில் ஒட்டியிருந்த ஒவ்வொரு படத்தையும் தொடும் முன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

ஒரு பெண் நுண்ணோக்கியில் வண்டைப் பார்க்கும் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க டீச்சர், பூச்சியப் பத்திப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?"

காப்பியைத் துளைக்கும் வண்டை ஆராயும் வேலைகூட இருக்கிறது, படிக்க உதவித்தொகையும் உண்டு என்று விளக்கிவிட்டு, அதெல்லாம் அச்சிட்ட ஒரு கையேட்டை நீட்டினேன். "உங்க பொண்ணுக்குக் குடுங்க."

அவர் வாங்கவில்லை.

"போன வருசம் இங்கதானுங்க படிச்சா. பூச்சிப் படிப்புதான் வேணும்னு நொம்ப அழுதா. படிச்சா என்ன வேலைன்னு அவங்கப்பா கேட்டாருங்க. அவளுக்குச் சொல்லத் தெரியல. கட்டிக் குடுத்துட்டோம். நெசமாவே வேலை இருக்குதான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தனுங்க."

அந்தக் கையேடுகள் அவள் படித்த ஆண்டிலேயே பள்ளிக்கு வந்தவை. பாடம் முடிக்கும் அவசரத்தில், கட்டைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டியது நான்தான். அதை அவரிடம் சொல்லாமல், நீட்டிய கையேட்டை மேசையில் வைத்தேன்.

"பொறுமையாச் சொன்னீங்க. நல்லா இருங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டு, மழையில் பஸ்ஸுக்கு நடந்தார். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.