ஆற விடாத பேட்டரி

படகுத்துறையில் அவரை எல்லோரும் வெந்நீர் என்றுதான் கூப்பிட்டார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலவே நாள் முழுக்க நடப்பார். சாப்பாட்டையும் நின்றபடியே முடிப்பார். நாற்பத்தெட்டு வயதுக்குள் ஏழு வேலைகளை விட்டவர். எட்டாவதாக, அக்காவின் கணவர் சிபாரிசு செய்து பிடித்துக் கொடுத்ததுதான் இந்த பேட்டரி வேலை.

குடிநீர் ஏரி என்பதால் அங்கே பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி இல்லை. ஆறு படகுகளும் மின்மோட்டாரில் ஓடின. படகுக்கு இரண்டு பேட்டரி. அவற்றை இறக்காமலே துறையிலிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் ஏற்றி, மீட்டரில் அளந்து, “போலாம்” என்று சொல்வது அவர் பொறுப்பு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் படகோட்டிகள் கயிற்றை அவிழ்த்தார்கள். யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை. தன் பேச்சுக்கு இப்படி ஒரு மதிப்பு வேறெங்கும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வேலையில் அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் எந்தக் கிழட்டு பேட்டரியும் வீராப்பாகப் பதின்மூன்று வோல்ட் காட்டும். சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் சரக்கு எவ்வளவு என்பது தெரியும். சும்மா விடுவதுதான் அவரால் முடியாத காரியம்.

அன்று காலை, படகோட்டியான அந்த அக்கா கணவர் படகில் ஏறித் தயாராக இருந்தார். பரிசோதனைக்கு ஏரித் தண்ணீரின் மாதிரி எடுக்க வந்த அதிகாரி அம்மா பாட்டில் பெட்டியை மடியில் வைத்திருந்தார். சார்ஜரில் பச்சை விளக்கு வந்து ஐந்து நிமிடம் இருக்கும். மதியம்வரை ஆறட்டும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் வெந்நீருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அளந்தார். இரண்டிலும் பதின்மூன்று.

“போலாம் மாமா.”

படகு தூரத்தில் புள்ளியான பிறகுதான், இழுவை குறைவதாக மாமா போன வாரம் சொன்னது இந்த பேட்டரிகளைத்தான் என்று உறைத்தது. துறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். பலகை தேய்ந்தால் புதுசு யார் போடுவது, கொஞ்சம் உட்காருங்கள் என்று டிக்கெட் கொடுப்பவர் கேலி செய்தார். அது காதிலேயே ஏறவில்லை. உச்சிவேளையில் காற்று எழுந்தது. திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டிய புள்ளி, பக்கவாட்டில் மதகை நோக்கி நகர்ந்தது.

அடுத்த படகை அவிழ்த்துக்கொண்டு விரைந்தார்.

நல்லவேளையாக மாமா துடுப்பை வலித்தே படகை நாணல் புதருக்குள் சொருகி நிறுத்தியிருந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அதிகாரி அம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

“பேட்டரிக்கு வயசாயிடுச்சு போல மாப்ள,” என்றார் மாமா. “புதுசு கேட்டு எழுதிப் போட்டுடலாம்.”

தப்பிக்க வழி தானாகவே வந்து நின்றது. ஆமாம் என்றால் போதும். அந்த அம்மாவும் நம்புவார். வெந்நீர் கயிற்றின் நுனியைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“வயசாயிடுச்சுதான். ஆனா நான் ஆற விடாம அளந்தேன் மாமா. சூட்டோட பாத்துட்டு போலாம்னு சொல்லிட்டேன்.”

மாமா தன் படகை வெந்நீர் கொண்டுவந்த படகின் பின்னால் கட்டி, அதிகாரி அம்மாவைக் கை கொடுத்து அதில் ஏற்றினார். பிறகு தானும் ஏறி, அந்தப் படகின் பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார்.

“இத எப்ப அளந்த?”

அதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

“நேத்து சாயங்காலம் கழட்டுனது. இன்னிக்கு காலைல அளந்தேன்.”

“மீட்டரக் குடு.”

கொடுத்தார். மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிவப்பு முனையை வைத்தார், கறுப்பு முனையை வைத்தார், அவசரமே இல்லாமல் எண்ணைப் படித்தார். வெந்நீர் நின்றுகொண்டிருந்தார். படகில் நடக்க இடமில்லை.